கட்டுகளை அவிழ்க்கும் கைகள்

வேதபாடம்: யோவான் 11:1-44, 12:1-11

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

நமது மருத்துவமனையின் குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்காக நீங்கள் ஜெபித்தும் கொடுத்தும் வருகிறீர்கள். அங்கே சுகம் பெற்று வீடு திரும்புகிறவர்களுக்கு அதன்பின் என்ன ஆகிறது என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். லாசருவின் சரித்திரத்தைக் கொண்டு அதை இம்மாதம் தியானிப்போம்.

லாசருவுக்கு உயிர் கொடுத்தவர் இயேசு ஒருவரே. ஆனால் அந்தச் சம்பவத்தில் மனிதருக்கும் வேலை இருந்தது. அந்த வேலையை மூன்றாகப் பார்க்கலாம்.

1. கல்லை எடுத்தல்

கல்லறையின் கல்லை அகற்றும்படி ஆண்டவர் அங்கிருந்தவர்களிடம் சொன்னபோது மார்த்தாள் தயங்கினாள். இறந்து நான்கு நாளான உடலின் வாடை வெளியே வருமே என்பது அவள் கவலை. நம் குடும்பங்களிலும் இதே தயக்கம் உண்டு. மகளுக்குக் கல்யாணம் முடியட்டும், சபையாருக்குத் தெரிய வேண்டாம் என்று வருஷக்கணக்காகக் கல்லை வைத்து மூடிவிடுகிறோம்.

வேறு சிலர், ஜெபித்தால் போதாதா, ஆஸ்பத்திரி எதற்கு என்கிறார்கள். நீண்டகாலமாக அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்த நாட்களில் சித்தப்பிரமை உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பைத் தடுக்கும் மருந்தும், தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும், இரவெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஒரு நர்ஸும் அப்போது தேவை. இவை விசுவாசக் குறைவு அல்ல. கல்லை எடுப்பதும் கீழ்ப்படிதலே.

2. கட்டுகளை அவிழ்த்தல்

லாசரு உயிரோடு வெளியே வந்தான். ஆயினும் கை கால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டும் முகம் மூடப்பட்டும் இருந்தான். உயிர் வந்துவிட்டது, கட்டுகள் இன்னும் போகவில்லை. இதை நான் புரிந்துகொண்டது என் தவறு ஒன்றின் மூலமாகத்தான்.

2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு மீனவச் சகோதரர் நம்மிடம் சேர்க்கப்பட்டார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அவருடைய சிறு மகள் அவர் கைப்பிடியிலிருந்தே நழுவிப்போனாள். அதுவரை எப்போதாவது குடித்தவர், பின்பு தூங்குவதற்காகவே குடித்தார். சிகிச்சையில் தேறினார், கண்ணீரோடு ஜெபித்தார். எனக்கு அளவில்லாத சந்தோஷம். மூன்றாவது வாரமே ஸ்தோத்திரப் பண்டிகையில் அவரைச் சாட்சி சொல்ல மேடையேற்றினேன். சபை மகிழ்ந்தது, காணிக்கையும் பெருகியது.

ஆனால் குடியை நிறுத்தியதும் அவருடைய கெட்ட கனவுகள் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியிருந்தன. மது அமுக்கி வைத்திருந்த கனவுகள், அது நின்றதும் இப்படி வரக்கூடும். நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டிசம்பர் 26 வந்தது. அன்று குடித்தார். பதினைந்து நாள் கழித்து அவர் மனைவி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் வீட்டுக்குப் போனபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "மேடையில சாட்சி சொன்னவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவேன், ஐயா?" என்றார்.

அன்பானவர்களே, நான் அவருடைய கட்டை அவிழ்க்கவில்லை. கட்டோடு நின்றவரை எல்லாருக்கும் காட்டினேன்.

அவர் மீண்டும் வந்தார். இம்முறை குடிக்கு மட்டுமல்ல, உள்ளே இருந்த காயத்துக்கும் மனநல மருத்துவர் சிகிச்சை தந்தார். அது மாதக்கணக்கில் நடந்தது. மகளின் பெயரைச் சொல்லி அழ அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று. கடற்கரைக்கு மறுபடி போக ஒரு வருஷம்.

மறுபடி விழுவது எல்லாம் முடிந்ததற்கு அடையாளமல்ல. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டுறவு 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயாளிகளான பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் ஆகிய இருவரின் சந்திப்பில் பிறந்தது. சந்தித்துச் சில வாரங்களிலேயே டாக்டர் பாப் மறுபடி குடித்தார். பில் அவரைக் கைவிடவில்லை. அதே ஆண்டு ஜூனில் நிறுத்தியவர் 1950இல் மரிக்கும்வரை குடியைத் தொடவில்லை.

3. பந்தியில் இடம் கொடுத்தல்

யோவான் 12ஆம் அதிகாரத்தில் லாசருவை மறுபடி காண்கிறோம். அவன் பிரசங்கிக்கவில்லை. அவன் பேசிய ஒரு வார்த்தைகூட சுவிசேஷத்தில் எழுதப்படவில்லை. இயேசுவோடு பந்தியிருந்தான், அவ்வளவே. அவன் நிமித்தம் அநேகர் விசுவாசித்தார்கள் என்று அங்கே வாசிக்கிறோம்.

நம் சகோதரருடைய சபையார் இதைச் செய்துகாட்டினார்கள். திருவிருந்தில் புளிக்காத திராட்சரசத்தையே பயன்படுத்தத் தீர்மானித்தார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் ஆயரும் இரண்டு மூப்பர்களும் அவர் வீட்டில் காலை முதல் இருந்து, சேர்ந்து சாப்பிட்டுத்தான் வருகிறார்கள். யாரும் உபதேசிப்பதில்லை. மகளைப் பற்றி அவர் பேசினால் கேட்கிறார்கள்.

இன்று அவர் சனிக்கிழமைகளில் நமது வார்டுக்கு வருகிறார். புதிதாகச் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்துக்கொள்கிறார். அதிகம் பேசமாட்டார். கனவு முற்றிலும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஆனால் அந்த இரவுகளில் யாருக்குப் போன் செய்யலாம் என்று அவருக்குத் தெரியும். விசுவாசத்தில் வளர்வது என்பதை நான் இப்போது இப்படித்தான் அறிந்திருக்கிறேன்.

உங்கள் காணிக்கை படுக்கைக்கும் மருந்துக்கும் மட்டுமல்ல, வீடு திரும்பினவரை மாதாமாதம் தேடிப் போகும் ஊழியருக்கும் உதவுகிறது. கட்டுகள் அவிழ்வது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

சிந்திக்க:
1. நம் வீட்டில் அல்லது சபையில் இன்னும் மூடியிருக்கும் கல் எது?
2. சுகம் பெற்றவரிடம் சாட்சியை எதிர்பார்க்கிறோமா, பந்தியில் இடம் கொடுக்கிறோமா?
3. அவருக்குக் கடினமான நாள் எது என்று கேட்டு வைத்திருக்கிறோமா?

ஜெபிக்க: மறுபடி விழுந்து, வெட்கத்தினால் திரும்பி வரத் தயங்குகிறவர்களுக்காக. அவர்களுடைய மனைவிமாருக்காகவும் பிள்ளைகளுக்காகவும்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் சகோதரன்,
மருத்துவமனைப் போதகர்