எழுத்தைக் காத்தல்

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் குடுமியான்மலை என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. 7-ஆம் நூற்றாண்டு அளவினது என அறிஞர் பலர் கருதும் அக்கல்வெட்டு, ஏழு இராகங்களுக்குரிய சுரங்களைத் தாங்கி நிற்கின்றது. அன்று பாடிய குரல் காற்றோடு கலந்தது. பொறித்த எழுத்தோ இன்றும் நிலைத்துள்ளது.

கணினியிலும் இவ்விரு நிலைகள் உண்டு. மாணவன் ஒருவன் மடிக்கணினியில் கட்டுரை எழுதுங்கால், அவ்வெழுத்துகள் முதற்கண் 'ரேம்' என்னும் தற்காலிக நினைவகத்தில் தங்குகின்றன. ஆங்கு அவை நுண்ணிய மின்னூட்டமாகவே இருக்கின்றன. அம்மின்னூட்டம் கசியும் இயல்பினது. ஆதலின், ஒரு நொடிக்குள் பன்முறை புதுப்பிக்கப்படல் வேண்டும். மின்சாரம் நின்றால் எழுத்தும் மறையும். 'சேமி' என்று கட்டளையிட்ட பின்னரே அது நிலையான சேமிப்பகத்தில் பதிகின்றது. அங்ஙனம் பதிந்தது மின்சாரம் இன்றியும் நிலைக்கும்.

மடிக்கணினியின் மூடியைச் சாத்தியவுடன் அது பெரும்பாலும் 'ஸ்லீப்' என்னும் உறக்கநிலையை அடைகின்றது. திரை அணையும், பிற உறுப்புகள் ஓயும். ஆயினும், தற்காலிக நினைவகத்திற்கு மட்டும் மின்கலத்திலிருந்து சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டிருக்கும். ஆகவே, மூடியைத் திறந்தவுடன் விட்ட இடத்திலிருந்தே எழுத இயலுகின்றது. இவ்வசதியே பலரை ஏமாற்றிவிடுகின்றது. உறக்கம் சேமிப்பு ஆகாது. மின்கலம் முற்றும் தீருமாயின், சேமிக்காத எழுத்தும் அதனுடன் அழியும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலால் புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊர்கள் பல, நாள் பல இருளில் கிடந்தன. அத்தகைய காலத்தில், உறங்கும் கணினியின் மின்கலத்தை நிரப்ப வழி ஏது?

'ஹைபர்னேட்' என்னும் ஆழ்ந்த உறக்கமோ வேறானது. தற்காலிக நினைவகத்தில் உள்ளனவற்றையெல்லாம் சேமிப்பகத்தில் எழுதிவைத்த பின்னரே கணினி மின்சாரத்தை நிறுத்துகின்றது. மின்கலம் குறையுங்கால் இந்நிலைக்குத் தானே செல்லுமாறு கணினியை அமைத்தல் நலம். சில மென்பொருள்கள் குறித்த இடைவெளியில் மீட்புப்படி ஒன்றை எழுதிவைக்கும். அதன் பின்னர் எழுதியது அப்படியில் இராது.

ஆதலின், ஒவ்வொரு பத்தி முடிவிலும் 'கண்ட்ரோல்', 'எஸ்' என்னும் இரு விசைகளையும் ஒருசேர அழுத்திச் சேமித்தல் வேண்டும். மூடியைச் சாத்துமுன் மீண்டும் ஒருமுறை சேமித்தல் வேண்டும். அரிய கட்டுரையாயின் பிறிதோர் இடத்திலும் படி ஒன்று இருத்தல் நன்று. பல நாள் உழைப்பைக் காப்பதற்கு வேண்டுவது ஒரு நொடிப் பழக்கமே.