தக்காளிக் குருத்து சுருளுவது ஏன்?

கேள்வி: பெரும்போக நெல் வெட்டிய காணியில் தக்காளி வைத்தேன். குருத்திலை மஞ்சளாகிச் சுருளுகிறது. மருந்து அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், முரசுமோட்டை

பதில்: கன்றைத் தட்டிப் பாருங்கள். இலையின் அடியிலிருந்து சின்ன வெள்ளைப் பூச்சிகள் கிளம்பினால், பெரும்பாலும் அது வெண்ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ்தான். பிடித்த கன்றை எந்த மருந்தும் மீட்காது, தயவுசெய்து இனியும் காசைக் கொட்டாதீர்கள். பிடுங்கி எரியுங்கள், வரம்பில் போட்டுவிடாதீர்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈ அதற்குப் பழகிவிடும். வெயில் காலத்தில் வெண்ஈ வேகமாகப் பெருகும். இளங்கன்றில் வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் காய்ப்பே இராது. ஆகவே அடுத்தமுறை நாற்றுமேடையை நுண்வலையால் மூடுங்கள். முதிர்ந்த மிளகாய், கத்தரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் மேடை போடவேண்டாம். சந்தேகமென்றால் ஒரு கிளையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.