பகாப் பேரெண் ஒன்று

சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என இருவகைப்படுத்துகிறது நன்னூல். கணிதத் தமிழிலும் இதனையொத்த வழக்கு உண்டு. ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எண்ணால் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்ணைப் பகா எண் என்கிறோம். 7 பகா எண். 15 என்பது 3, 5 எனப் பகும். எண் பெருகப் பெருக, அது பகுமா பகாதா என அறிதல் அரிதாகிறது. அந்நிலையில் முடிவுக்குச் சான்று யாது? புகழ்மிக்க எண் ஒன்றன் வரலாற்றில் இதற்கு விடை காண்போம்.

மெர்சென்னின் பட்டியல்

127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1ஐக் கழித்தால் வருவது:

170141183460469231731687303715884105727

இஃது 39 இலக்கங்கள் உடையது. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த இத்தகைய எண்கள் பிரெஞ்சுத் துறவி மெர்சென் பெயரால் வழங்குகின்றன. 257 வரையுள்ள அடுக்குகளுள் பகா எண் தருவன எவை என 1644இல் அவர் பட்டியலிட்டார். 67, 127 ஆகிய இரண்டும் அதில் இடம்பெற்றன, மெய்ப்பிப்பு இடம்பெறவில்லை.

காரணி தேடாத சோதனை

நம் எண்ணுக்குக் காரணி தேடப் புகுந்தால், 20 இலக்க எண்கள் வரை வகுத்துப் பார்த்தல் வேண்டும். கையால் இயலாத செயல் இது. வகுக்காமலே அறிய வழியுண்டா?

பசுராவில் பிறந்த இப்னுல் ஹைதம் (965 – சுமார் 1040) பகா எண்ணின் பண்பொன்றைக் கண்டிருந்தார். ஓர் எண்ணுக்கு முற்பட்ட எண்கள் அனைத்தையும் பெருக்கி 1ஐக் கூட்டினால், அப்பகா எண் அதனை மீதியின்றி வகுக்கும். 7க்கு முற்பட்டவற்றின் பெருக்கம் 720. ஒன்று கூட்ட 721. அது 7இன் 103 மடங்கு. பகு எண்ணுக்கு இப்பண்பு இல்லை. ஆயினும் பேரெண்ணுக்கு இப்பெருக்கல் முடிவுறாது.

1876இல் பிரான்சின் எதுவார் லூக்கா வேறு வழி வகுத்தார். 1930இல் அமெரிக்கர் லெமர் அதனைச் செம்மைப்படுத்தினார். அச்சோதனை வருமாறு: 4இல் தொடங்குக. அதனைத் தன்னால் பெருக்கி 2ஐக் கழிக்க. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. அடுக்கினும் இரண்டு குறைந்த முறை செய்தபின் மீதி சுழியாயின், அது பகா எண்.

ஐந்தாம் அடுக்கில் பிறக்கும் 31ஐச் சோதிப்போம். மூன்று படிகள் போதும். முதற்படியில் 14, அடுத்து 194, அதன் மீதி 8, இறுதியில் 62, அதன் மீதி சுழி. எனவே 31 பகா எண். நம் பேரெண்ணுக்கு வேண்டுவன 125 படிகளே.

லூக்கா கண்ட முடிவு வியப்பிற்குரியது. 127ஆம் அடுக்கு பகா எண் தந்தது. 67ஆம் அடுக்கு தரவில்லை. காரணி ஒன்றும் அறியாமலே அது பகும் என அவர் காட்டினார். 193707721, 761838257287 என்னும் அதன் காரணிகளைக் கோல் என்னும் அமெரிக்கர் வெளியிட்டது 1903இல்தான். 257ஆம் அடுக்கும் பிழையென்றும், 61, 89, 107 விடுபட்டன என்றும் பின்னர்த் தெளிவாயிற்று.

எண்ணின் சிறப்புகள்

இருமக் குறியீட்டில் இவ்வெண் 127 ஒன்றுகளின் வரிசை. யூக்ளிடின் விதிப்படி இதனை 2இன் 126ஆம் அடுக்கால் பெருக்க, 77 இலக்க நிறை எண் பிறக்கும். தன்னை ஒழித்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமானதே நிறை எண். மேலும் 2 என்னும் அடுக்கு 3ஐயும், 3 என்னும் அடுக்கு 7ஐயும், 7 என்னும் அடுக்கு 127ஐயும், 127 என்னும் அடுக்கு இவ்வெண்ணையும் தருகின்றன. ஐந்தும் பகா எண்களே. அடுத்த கண்ணி பகா எண்ணா என்பது இன்றும் தீராத வினா.

முடிவுரை

1951 வரை 75 ஆண்டுகள் அறியப்பட்ட பகா எண்களுள் இதுவே பெரியதாய் நின்றது. 2024இல் அறிவிக்கப்பட்ட 41024320 இலக்கப் பகா எண்ணையும் லூக்கா, லெமர் சோதனையே உறுதி செய்தது. 67உம் 127உம் ஒரே அறிஞரின் ஒரே பட்டியலில் நின்றவை. ஒன்று பொய்த்தது, மற்றது நிலைத்தது. சொன்னவரின் பெருமை இரண்டிற்கும் பொது. மெய்ப்பிப்பே அவற்றை வேறுபடுத்திற்று. கற்கும் நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் அதுவே.