ஆட்டம் வேறு, இழுப்பு வேறு

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்பில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும், ஓட்டுநரின் கைகள் ஒரு நொடியும் சும்மா இருப்பதில்லை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், ஏறும் வழி கேரளத்தில், உயரம் ஏறக்குறைய 8,000 அடி. பாறையும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்தத் தடத்தில் ஸ்டியரிங் நாலு விரல் கூடுதலாக ஆடினால் யாரும் கண்டுகொள்வதில்லை, வண்டியின் வேகமே அங்கே நடைவேகம்தான். அதே ஜீப் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கி, சமவெளிச் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போதுதான் பட்டறை நினைவுக்கு வரும்.

பட்டறையில் புகார் பெரும்பாலும் ஒரே மூச்சில் வரும்: “ஸ்டியரிங் லூசா இருக்குண்ணே, ஒரு பக்கமா இழுக்குது.” கேட்கிறவரும் அதை ஒரே நோயாக எடுத்துக்கொள்கிறார். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது. ஆட்டம் என்றால் எங்கோ ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது, நீங்கள் வீலைத் திருப்பியும் டயருக்குச் செய்தி போகவில்லை. இழுப்பு என்றால் எங்கோ ஒரு விசை, நீங்கள் திருப்பாமலே டயர் திரும்பப் பார்க்கிறது. தேய்ந்த மூட்டு வண்டியை இரண்டு பக்கமும் அலையவிடும். எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் வண்டிக்குக் காரணம் அநேகமாக வேறு இடத்தில் இருக்கும்.

“ஜீப்னா ஸ்டியரிங் ஆடத்தான் செய்யும்”

கொஞ்சம் ஆடும், ஒப்புக்கொள்ளலாம். பழைய மகிந்திரா ஜீப்புகளில் வீலுக்கும் டயருக்கும் நடுவே ஸ்டியரிங் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு, நக்கிள் என்று ஒரு நீண்ட சங்கிலி உண்டு. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நூல் இடைவெளி விழுந்தால் மொத்தம் வீலில் தெரியும். ஆனால் எவ்வளவு ஆடலாம் என்பதற்குச் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலின் வெற்றாட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலில் அது விளிம்பில் சுமார் 10 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் குற்றம் என்பதற்கான எல்லை அது. அதுவரை ஆரோக்கியம் என்று அர்த்தமில்லை. என்னைக் கேட்டால் விளிம்பில் 3 சென்டிமீட்டரைத் தாண்டியதுமே ஜீப்புக்கு அடியில் படுத்துவிட வேண்டும்.

அதே விதி, பால் ஜாயின்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சேற்றில் ஓடும் எத்தனை வண்டிகளில் அந்த ரப்பர் கிழியாமல் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியே, மணல் உள்ளே. மீதி வேலையை மணலே பார்த்துக்கொள்ளும்.

“பாக்ஸ் ஸ்க்ரூவை ஒரு சுற்று முடுக்கு, சரியாயிடும்”

நம் ஊரில் அதிக வண்டிகளைக் கெடுத்த வைத்தியம் இது. ஸ்டியரிங் பாக்ஸின் மேல்மூடியில் ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். உள்ளே செக்டர் ஷாஃப்டின் பல்லை எதிர்ப்பல்லோடு நெருக்குவது அதன் வேலை. எந்த வண்டியும் தன் ஆயுளில் பெரும்பகுதியை நேராகத்தான் ஓடிக் கழிக்கிறது. ஆகவே பற்கள் நடுவில் தேய்கின்றன, இரண்டு ஓரங்களிலும் புதுசு போலவே நிற்கின்றன. நடுவில் ஆட்டம் போகும்வரை முடுக்கினால், முழுசாகத் திருப்பும்போது ஓரத்துப் பற்கள் ஒன்றையொன்று கடிக்கும்.

அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. இடது வளைவு முடித்தால் வண்டி இடப்பக்கமே போகப் பார்க்கும், வலது வளைவு முடித்தால் வலப்பக்கம். ஆட்டத்துக்கு மருந்து போடப்போய் இழுப்பை வாங்கி வந்த கதை. இப்படிப் பக்கம் மாறி மாறி இழுக்கும் வண்டியைக் கண்டால் அலைன்மெண்ட் கடைக்கு அனுப்பாதீர்கள். எங்கோ ஏதோ அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. பாக்ஸாக இருக்கலாம், ஷிம்மைக் குறைத்து இறுக்கிவிட்ட கிங் பின் பேரிங்காக இருக்கலாம், கிரீஸ் காணாத பால் ஜாயின்டாகவும் இருக்கலாம்.

அந்த ஸ்க்ரூவைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. மற்ற மூட்டுகள் எல்லாம் நல்லவை என்று உறுதியான பிறகு, டிராக் லிங்கைக் கழற்றி, பாக்ஸை நட்ட நடுவில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக, கம்பெனி மேனுவல் சொல்லும் இறுக்கம் வரைதான் போகலாம். முதலில் செய்ய வேண்டியது வேறு. அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம், இரண்டு பேர் போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கி வேண்டாம், டயரில் பாரம் இருக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். ஒருவர் வீலைச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் அடியில் படுத்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் காலம் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்ட்டில் ஒரு பாதி திரும்பி மறு பாதி தாமதிக்கிறதா? பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் திரும்பியும் பிட்மேன் ஆர்ம் அசையவில்லையா? அப்படியானால் தேய்ந்தது பாக்ஸ். பிட்மேன் ஆர்ம் அசைந்தும் டிராக் லிங்க் பேசாமல் இருந்தால் அந்த முனை போய்விட்டது. மூட்டின் இரு பாதிகளையும் சேர்த்து விரலை மெதுவாக வைத்தால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் விரலில் தட்டும்.

பலர் விட்டுவிடும் ஓர் இடம், பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் சேஸிஸ். பெரிய டயர் போட்டுப் பாறையில் மோதிப் பழகிய வண்டிகளில் பாக்ஸின் போல்ட் தளர்ந்து, துளையைச் சுற்றி விரிசல் விட்டிருக்கும். வீலை ஆட்டும்போது பாக்ஸே அசைந்தால் புது பாக்ஸ் வாங்கியும் பயனில்லை.

அதற்குப் பிறகு ஜாக்கி. முன் டயரைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது நக்கிள் பால் ஜாயின்ட். இந்த ஒரு சோதனை தெரியாமல் நல்ல கிங் பின்னை மாற்றியவர்கள் நிறைய.

தார் போல முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் இருப்பது ரேக் அண்ட் பினியன். அங்கே பாக்ஸும் பிட்மேன் ஆர்மும் கிடையாது. பார்க்க வேண்டியவை ரேக்கின் புஷ், டை ராடு முனைகள், கீழ் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட்.

“இழுக்குதா? அலைன்மெண்ட் போடு”

போடலாம், ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ. முதலில் சாலையைச் சந்தேகியுங்கள். மழைநீர் வழிய நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் வண்டி மெல்ல இடதுபக்கம் சாய்வது சாலையின் குணம். அகலமான, ஆளில்லாத சமதரையில் சோதித்துவிட்டுப் பேச வேண்டும்.

அடுத்தது காற்று. பாறையில் ஏறக் காற்றைக் குறைத்து, இறங்கியபின் ஒரு பக்கம் மட்டும் சரியாக நிரப்பாமல் விட்டால், குறைந்த பக்கமே வண்டி போகும். அதன்பின் டயர். ஒரே அச்சில் இடது பக்கம் நைலான் டயர், வலது பக்கம் ரேடியல் என்று கலந்து மாட்டியிருப்பதை இன்றும் பழைய ஜீப்புகளில் பார்க்கலாம். அது நேராக ஓடினால்தான் ஆச்சரியம். இரண்டும் ரேடியல்தான், காற்றும் சரி என்றாலும் டயரின் உள்கட்டுமானத்தில் சின்னக் கோணல் இருந்தால் இழுக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். வேறெதையும் தொட வேண்டாம்.

அதன்பின் பிரேக். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, ஹப்புகளுக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருந்தால் அழுத்தும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது. சக்கரத்தைத் தூக்கி, பிளீடர் நிப்பிளைத் திறந்ததும் அது சுழன்றால் ஹோஸைப் பாருங்கள். திறந்தும் சுழலாவிட்டால் வீல் சிலிண்டரோ காலிப்பரோ சிக்கியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுக்கும் வண்டி, நன்றாகப் பிடிக்கும் பக்கம் இழுக்கும். எனவே நோய் எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம். ஓடையைக் கடந்து ஏறியதும் இப்படி ஆனால், ஒரு பக்க டிரம் மட்டும் நனைந்திருக்கிறது. கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஓட்டினால் காய்ந்துவிடும்.

ஆட்டமும் இழுப்பும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டை ஸ்பிரிங்கின் புஷ் ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலோ, யு போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் அறுந்திருந்தாலோ, அச்சே இடம் பெயரும். பின் அச்சு இப்படி நகர்ந்தால் வண்டி நண்டு போலச் சாய்வாக ஓடும், நேராகப் போகவே ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். டேப் எடுத்து முன் ஹப்பின் மையத்திலிருந்து பின் ஹப்பின் மையம் வரை இரண்டு பக்கமும் அளந்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

இத்தனையும் தாண்டி வந்தால் அலைன்மெண்ட். ஒரு சங்கடம்: பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்த கட்டை அச்சில், டை ராடைத் திருகிச் சரிசெய்யக்கூடியது டோ (முன் டயர்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) ஒன்றுதான். அந்த டோ பெரும்பாலும் இழுப்பதில்லை, டயரைத் தின்னும், வண்டியை அலையவிடும். இழுப்பது, கேம்பரும் (டயரின் பக்கச் சாய்வு) காஸ்டரும் (கிங் பின்னின் முன்பின் சாய்வு) இரு பக்கமும் வேறுபடுவதுதான். கேம்பர் கூடுதலாக உள்ள பக்கமும், காஸ்டர் குறைந்த பக்கமும் வண்டி போகும். இரு பக்கக் காஸ்டரும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால், அச்சு முறுக்கிக்கொண்டதா, பட்டை உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். டோவை மட்டும் திருகி “முடிஞ்சுது சார்” என்று காசு வாங்குகிறவரிடம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த காஸ்டர் அளவை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள்.

“டேம்பர் மாத்தினா வாப்ளிங் போயிடும்”

போகும், சில மாதம். 60–80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்ததும் முன்பக்கமே வெறிபிடித்தது போல உதறத் தொடங்குவது கட்டை அச்சு வண்டிகளின் பழைய நோய். ஸ்டியரிங் டேம்பர் உதறலை அமுக்குமே தவிர, உதறலைப் பிறப்பிக்கும் தளர்ந்த கிங் பின் பேரிங்கையோ பேலன்ஸ் இல்லாத டயரையோ அது குணப்படுத்தாது. புது டேம்பர் தேயும்வரை மற்ற மூட்டுகள் இன்னும் தேயும். 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னி போலக் காயில் ஸ்பிரிங்கும் கட்டை அச்சும் சேர்ந்த வண்டிகளில், அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடின் புஷ்ஷையும் போல்ட்டையும் முதலில் பார்க்க வேண்டும். சேற்றில் ஆடிவிட்டு வந்தவர்கள் ரிம்முக்குள் காய்ந்த மண்ணைத் தட்டிவிட்டால் பாதிப் பேருக்குப் பட்டறைச் செலவே மிச்சமாகும்.

ஓடும்போது உதறினால் வீலை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல வேகம் குறையுங்கள். வேகம் விழுந்ததும் அடங்கிவிடும். எதிர்த்து முறுக்கினால் வண்டி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

“வண்டியை உயர்த்தினா கம்பீரம்தான் கூடும்”

கம்பீரம் கூடும், காஸ்டர் குறையும். சைக்கிளின் முன் கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கையை விட்டும் நேராக ஓட்ட உதவுகிறது. கிங் பின்னின் சாய்வும் அதே வேலையைச் செய்கிறது. காயில் ஸ்பிரிங் வண்டியை உயர்த்தும்போது அச்சு முன்னோக்கி உருண்டு அந்தச் சாய்வைத் தின்றுவிடும். பட்டை வண்டியில் நீளமான ஷேக்கிள் போட்டால், ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கும்போது காஸ்டர் குறையும், பின்முனையில் இருந்தால் கூடும். இதைக் கேட்காமலே ஷேக்கிள் விற்கிற கடைகள் உண்டு. கூடவே டிராக் லிங்கின் சாய்வு கூடுவதால், ஒவ்வொரு மேட்டிலும் அச்சு ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பும். மூட்டெல்லாம் புதுசாக இருந்தும் வண்டி அலையும். “எல்லா பார்ட்டும் மாத்தியாச்சு, இன்னும் லூசாத்தான் இருக்கு” என்று வருகிறவரின் வண்டி எத்தனை அங்குலம் உயர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே சரியான கோணத்தில் ஒரு ஆப்பு ஷிம் வைத்து யு போல்ட்டை முடுக்கினால் போயிருக்க வேண்டிய தொல்லை, பல நேரம் இரண்டு டை ராடு முனை, ஒரு டேம்பர், ஒரு பாக்ஸ் என்று பில்லாக நீண்டிருக்கும்.