கடல் கடந்தவரின் பெயர்

நுழையும்முன்

போரில் வீழ்ந்தவருக்கு ஊர் எல்லையில் நடுகல் நிற்கும். விலங்கிடப்பட்டுக் கப்பலேறியவருக்குக் கல்லும் இல்லை, கல்லறையும் இல்லை. அவரைத் தண்டித்தவர்கள் எழுதிவைத்த ஆவணங்களே அவருடைய தடமாக எஞ்சியுள்ளன. அத்தடத்தைத் தேடும் முறையை இவ்வுரைநடை விளக்குகிறது.

போரும் தண்டனையும்

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பொருநைக் கரையிலுள்ள பாளையங்கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த அவருடைய தம்பி ஊமைத்துரை, 1801 பிப்ரவரியில் தப்பிச் சென்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே மாதம் கோட்டை வீழ்ந்தபின் சிவகங்கையின் மருது சகோதரர்களோடு இணைந்து போரிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் மூவரும் உயிர்த்தண்டனைக்கு உள்ளாயினர்.

பிடிபட்டவர்களுள் 73 பேர் நாடு கடத்தப்பட்டனர். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பல் அவர்களைப் பினாங்குத் தீவுக்குக் கொண்டு சென்றது. சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமியும் அவர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினைந்து.

தேடலின் படிநிலைகள்

கப்பலேறிப் போன மூதாதையைத் தேடுவோர் முதலில் வீட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும். தந்தை பெயர், ஊர்ப்பெயர், குலதெய்வக் கோயில், முதியோர் கூறும் செய்தி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆவணங்களைக் காணலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவுகள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திலும் உள்ளன.

ஆவணம் கிடைத்தாலும் பெயர் எளிதில் பிடிபடாது. ஆங்கிலேயர் தம் காதில் விழுந்தவாறே எழுதினர். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆயிற்று. துரைச்சாமி ‘டோரா சாமி’ ஆனார். எனவே ஒரு பெயரைப் பலவாறு ஒலித்துப் பார்த்துத் தேட வேண்டும். ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். ஆதலால் பெயர் பொருந்திய அளவில் முடிவுக்கு வருதல் கூடாது. தந்தை பெயர், ஊர், ஆண்டு ஆகியவையும் பொருந்துகின்றனவா என்று காண வேண்டும்.

தீர்ப்பை மட்டும் படித்து நிறுத்துவதும் பிழையாகும். 1908 ஜூலையில் திருநெல்வேலி நீதிமன்றம் வ.உ.சிதம்பரனாருக்கு நாடு கடத்தல் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் கோயம்புத்தூர், கண்ணூர்ச் சிறைகளில் தண்டனையைக் கழித்து 1912 இறுதியில் விடுதலையானார். தீர்ப்பை மட்டும் கண்டவர் அவரைக் கடலுக்கு அப்பால் தேடிக்கொண்டிருப்பார்.

பட்டியலுக்கு அப்பால்

அரசு ஆவணம் கைதியின் பெயரைச் சொல்லும். அவர் பட்ட பாட்டைச் சொல்லாது. அதற்கு வேறு சான்றுகள் வேண்டும். பாளையக்காரர் போரில் கம்பெனிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ், மருது சகோதரர்களோடு முன்பே பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்று அவரே தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். 1830இல் வெளியான அந்நூலில் துரைச்சாமியைப் பற்றிய செய்தியும் உள்ளது.

வெல்ஷ் 1818இல் பினாங்கிற்குச் சென்றிருந்தபோது தளர்ந்த முதியவர் ஒருவர் அவரைக் காண வந்தார். வெல்ஷுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார்: துரைச்சாமி. தூத்துக்குடியில் விலங்கோடு கண்ட சிறுவனே அவர் என அறிந்து வெல்ஷ் மனம் கலங்கினார். ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் அன்று துரைச்சாமிக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருக்கும். அவ்வயதில் ஒருவரை முதியவராக்கிய வாழ்க்கை எத்தகையது என்பதை எந்தப் பட்டியலும் கூறவில்லை. இரு சான்றுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே அது புலனாகிறது.

கைதிகளை எண்ணிக் காவல் காப்பதற்காக எழுதப்பட்டது அப்பட்டியல். தம் முன்னோரைத் தேடும் குடும்பத்திற்கு அதுவே உறவின் சான்றாகிறது. பிழையாக எழுதப்பட்ட பெயரைத் திருத்தி உரியவரிடம் சேர்ப்பது வரலாறு கற்போரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உம் குடும்பத்து முதியோரிடம் கேட்டு, ஊரைவிட்டு வெகுதொலைவு சென்ற முன்னோர் ஒருவரைப் பற்றிக் குறிப்பு எழுதுக.
2. அக்குறிப்பில் ஆவணங்களைக் கொண்டு சரிபார்க்கத்தக்க செய்திகள் எவை என வகுப்பில் கலந்துரையாடுக.