நீச்சல் குளத்து ஃபில்டர்: கோடை முதல் பனிக்காலம் வரை 18 குறிப்புகள்

சென்னை, கோவை போன்ற ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பண்ணை வீடுகளிலும் நீச்சல் குளம் இப்போது சாதாரணமாகிவிட்டது. தண்ணீர் கொஞ்சம் கலங்கினால் போதும், பல இடங்களில் குளோரினை அள்ளிக் கொட்டுகிறார்கள். கிருமியைக் கொல்வது குளோரின்; அழுக்கை எடுப்பது ஃபில்டர். ஒன்று செய்ய வேண்டிய வேலையை மற்றது செய்யாது. ஃபில்டர் சரியாக ஓடினால் மருந்துச் செலவு குறையும், குளிப்பவர்களின் கண்ணும் தோலும் தப்பிக்கும். நம் ஊர்க் குளங்களில் பெரும்பாலும் இருப்பது மணல் ஃபில்டர்தான். அதை ஆண்டு முழுக்க எப்படிக் கவனிப்பது என்று பார்ப்போம்.

எல்லாக் காலத்துக்கும்

1. பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவுவது) முடித்து மோட்டாரைப் போட்டதும் ஃபில்டர் மேலுள்ள பிரஷர் கேஜ் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை அழியாத மையால் தொட்டியின் மீதே எழுதி வையுங்கள். முள் அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் மணலில் அழுக்கு சேர்ந்துவிட்டது, மறுபடி பேக்வாஷ் செய்ய வேண்டும் என்று பொருள்.

2. பேக்வாஷுக்கு முன் மோட்டாரைக் கட்டாயம் நிறுத்துங்கள். ஓடும்போது வால்வின் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழிந்துவிடும். கைப்பிடியை ‘பேக்வாஷ்’ நிலைக்குத் திருப்பி, வால்வில் உள்ள கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும்வரை 2, 3 நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்திவிட்டு ‘ரின்ஸ்’ நிலையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓட்டுங்கள். மறுபடி நிறுத்தி, ‘ஃபில்டர்’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரின்ஸைத் தவிர்த்தால் கலைந்த அழுக்கு குளத்துக்கே திரும்பும்.

3. தினமும் பேக்வாஷ் செய்வது நல்லதல்ல. மணலில் லேசாக அழுக்கு படிந்திருக்கும்போதுதான் இடைவெளி குறுகி, நுண்ணிய தூசியும் பிடிபடும். தண்ணீரும் வீணாகிறது. மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்பில் 3 நிமிட பேக்வாஷ் என்றால் 500 லிட்டர் போய்விடும். எப்போது செய்வது என்பதைக் கேஜ் முள்ளே சொல்லட்டும்.

4. பேக்வாஷ் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதைச் செடிகளுக்கு நேராகப் பாய்ச்சாதீர்கள். மழைநீர் சேகரிப்புக் குழியிலோ கிணற்றிலோ விடவே கூடாது. கழிவுநீர்க் குழாயில்தான் சேர்க்க வேண்டும்.

5. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பது எளிய கணக்கு. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 60,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்ப் இருந்தால், முழுத் தண்ணீரும் ஒருமுறை ஃபில்டருக்குள் போய்வர 6 மணி நேரம் ஆகும். குளத்தில் ஆட்கள் இறங்கும் நாட்களில் இதுவே குறைந்த அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஸ்கிம்மர் கூடையையும் பம்புக்கு முன்னால் உள்ள முடிக் கூடையையும் அடிக்கடி கழுவுங்கள். பம்ப் மூடியின் ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாசலின் போன்றவை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

கோடையில்

7. பள்ளி விடுமுறையில் குளிப்பவர்கள் கூடுவார்கள், வெயிலில் பாசியும் வேகமாக வளரும். மோட்டார் நேரத்தை 8 முதல் 10 மணி வரை நீட்டுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் எல்லோரும் ஷவரில் குளிக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிட்டு, தொப்பி அணிந்து இறங்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு மணலை உருண்டை உருண்டையாகக் கட்டவைக்கும். அதன் பிறகு தண்ணீர் அந்தக் கட்டிகளைச் சுற்றிக்கொண்டு வடிகட்டப்படாமலே ஓடிவிடும்.

8. ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டப் போர் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ விடுகிறோம். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, அதில் உள்ள உப்பு குளத்திலேயே தங்கிவிடுகிறது. சுண்ணாம்பு சேரச் சேர மணல் கல்லாக இறுகும். மாதம் ஒருமுறை கடினத்தன்மையைச் சோதியுங்கள். 200 முதல் 400 பி.பி.எம். வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் குளத்தில் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றி, உப்பு குறைந்த தண்ணீரைச் சேருங்கள். இரும்புச் சத்துள்ள தண்ணீரில் குளோரின் பட்டதும் பழுப்பு நிறம் வரும். அந்தத் துருவும் ஃபில்டரில்தான் போய்ச் சேரும். அந்த நாட்களில் கேஜைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

9. வெயிலில் குளோரின் நிற்காது, சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு போட்டு, மோட்டாரை ஓடவிடுங்கள். திறந்தவெளிக் குளத்தில் சயனூரிக் ஆசிட் 30 முதல் 50 பி.பி.எம். இருந்தால் குளோரின் வெயிலைத் தாங்கும். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும். பி.எச். 8-ஐத் தொட்டால் குளோரினின் வீரியம் பெருமளவு குறைவதோடு, சுண்ணாம்பும் எளிதில் படியும்.

ஆடிக் காற்றில்

10. ஆடிக் காற்று தூசியையும் சருகையும் கொண்டுவந்து கொட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் இது இன்னும் அதிகம். மோட்டார் போடும் முன் வலையால் சருகுகளை அள்ளிவிடுங்கள். தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். மேலே ஏறினால் மிதக்கும் தூசி உள்ளே போகாது.

11. கேஜ் முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றால், கூடை அடைத்திருக்கிறது அல்லது தண்ணீர் மட்டம் குறைந்திருக்கிறது. குளத்துக்குத் திரும்பும் தண்ணீரில் குமிழ் வந்தால் பம்புக்கு முந்தைய குழாயிலோ மூடியிலோ காற்று புகுகிறது. குளத்தின் அடியில் மணல் தென்பட்டால் ஃபில்டருக்குள் இருக்கும் சல்லடைக் குழாய் உடைந்திருக்கலாம். ‘ஃபில்டர்’ நிலையிலேயே கழிவுக் குழாயில் தண்ணீர் கசிந்தால் வால்வின் கேஸ்கெட் தேய்ந்துவிட்டது.

மழைக்காலத்தில்

12. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே மோட்டார் அறையைப் பாருங்கள். பல இடங்களில் அது தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், வடிகால் அடைத்தால் மோட்டார் முழுகிவிடும். வடிகாலைச் சுத்தம் செய்து, எர்த்தையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யையும் எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். அறையில் தண்ணீர் நின்றால் மெயின் ஸ்விட்சை அணைக்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

13. பெருமழை விட்டதும் குளோரினையும் பி.எச்.சையும் அன்றே சோதியுங்கள். மழைத் தண்ணீர் இரண்டையும் கலைத்துவிடும். தோட்டத்து மண் குளத்துக்குள் வழியாதபடி ஓரத்து வடிகாலைத் திறந்து வையுங்கள்.

14. சேறு கலந்துவிட்டால் ஃபில்டரை மட்டும் நம்பிப் பயனில்லை. மணல் ஃபில்டர் பொதுவாக 20 முதல் 40 மைக்ரான் வரைதான் பிடிக்கும். களிமண் துகள் அதைவிட மிகச் சிறியது. வால்வை ‘ரீசர்குலேட்’ நிலையில் வைத்து, படிகாரம் கரைத்து ஊற்றி, நன்றாகக் கலந்ததும் மோட்டாரை நிறுத்துங்கள். இரவு முழுக்க அசையாமல் விட்டால் சேறு அடியில் படியும். காலையில் ‘வேஸ்ட்’ நிலையில் மெதுவாக வேக்யூம் செய்து அதை நேரே வெளியேற்றுங்கள். ஃபில்டர் வழியாக இழுத்தால் மணல் அடைத்துவிடும். படிகாரம் பி.எச்.சை இறக்கும் என்பதால் அதையும் சரிசெய்யுங்கள்.

15. மழைக்காலத்தில் குளத்தை முழுதாகக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஏறியிருக்கும் நேரத்தில் உள்ளே பாரம் இல்லாவிட்டால், வெளியிலிருந்து வரும் நீரழுத்தம் அடித்தளத்தை வெடிக்கவைக்கும்; சில சமயம் தொட்டியையே மேலே தூக்கிவிடும். பெரிய பழுதுபார்ப்புகளைக் கோடைக்குத் தள்ளிவையுங்கள்.

பனிக்காலத்தில்

16. மார்கழிக் குளிரில் யாரும் இறங்குவதில்லை என்று மோட்டாரை வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள். தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரம், பத்து நாளிலேயே முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். தினமும் 3, 4 மணி நேரமாவது ஓட்டுங்கள். குளோரினை அளவுக்குக் கீழே விடாதீர்கள்.

17. ஃபில்டரைத் திறந்து பார்க்கவும் இதுவே நல்ல சமயம். மணல் கட்டியாகியிருந்தால் ஃபில்டர் கழுவும் மருந்தில் ஓரிரவு ஊறவைத்து பேக்வாஷ் செய்யலாம். மணல் பொதுவாக 5 முதல் 7 ஆண்டு வரை உழைக்கும், கூட்டம் அதிகமான குளத்தில் அதற்கு முன்பே மாற்ற வேண்டிவரும். 0.4 முதல் 0.8 மி.மீ. வரையிலான, கழுவிய சிலிக்கா மணலை வாங்குங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கட்டட மணல் ஆகாது. போடும்போது முதலில் தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பினால் சல்லடைக் குழாய்கள் உடையாது.

எந்தக் காலத்திலும் மறக்கக் கூடாதது

18. ஆசிட்டையும் குளோரினையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டு வகைக் குளோரினை ஒரே கப்பால் அள்ளினால்கூடத் தீப்பிடிக்கலாம். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இந்த வேலை செய்பவருக்குக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது குடியிருப்புச் சங்கத்தின் கடமை. குளத்தின் அடியில் உள்ள டிரெயின் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் மோட்டாரை நிறுத்திக் குளத்தைப் பூட்டுங்கள். அதன் உறிஞ்சும் விசை குழந்தையின் முடியையும் கையையும் பிடித்து வைத்துவிடும். கரையில் நின்று பார்க்கும்போது அந்த மூடி தெளிவாகத் தெரியாத நாளில் யாரையும் இறக்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டரை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.