பேஸ் மும்பைதானா, கேட்டீர்களா?

அன்புள்ள கேப்டன்,

தோஹாவிலிருந்து நீங்கள் எழுதிய நாலு பக்கமும் படித்தேன். பாதிக்கு மேல் சம்பளக் கணக்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே வரி கிடையாது, இங்கே முப்பது சதவீதம். இந்தியாவுக்கு வந்தால் கையில் நிற்பது குறையும் என்று தெரிந்துதானே யோசிக்கிறீர்கள்? அதை விடுங்கள். ரோஸ்டர் போடும் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில், நீங்கள் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன்.

முதலில் சீனியாரிட்டி. பறந்த மணிநேரமெல்லாம் லாக்புக்கில் இருக்கும். ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் சேர்ந்த தேதிதான் உங்கள் இடம். நேரடியாகக் கேப்டனாக எடுத்தாலும் பட்டியலில் கடைசி ஆள் நீங்கள். லீவு, எந்த ஊரிலிருந்து பறப்பது என்ற பேஸ் மாற்றம், பெரிய விமானத்துக்குப் போகும் வாய்ப்பு எல்லாம் மேலிருந்துதான் இறங்கி வரும். தீபாவளி லீவு விண்ணப்பங்களை வரிசைப்படி அடுக்கியவன் நான். கடைசிப் பெயருக்கு வரும்போது மிச்சம் இருப்பது பிப்ரவரியில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை! வருவதாக இருந்தால் ஐம்பது வயதைத் தாண்டி வராதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

அதிகச் சம்பளம் தருகிறேன் என்று புதுக் கம்பெனி கூப்பிட்டால் இன்னும் யோசியுங்கள். கிங்ஃபிஷர் 2012-லும் ஜெட் ஏர்வேஸ் 2019-லும் கோ ஃபர்ஸ்ட் 2023-லும் நின்றபோது, சீனியாரிட்டி பட்டியலே காற்றோடு போயிற்று. பதினைந்து வருஷம் பறந்தவர்களும் வேறு இடத்தில் கடைசியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

'ஒரு வருஷம் பார்க்கிறேன், சரிப்படவில்லை என்றால் திரும்பிவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவ்வளவு சுலபமில்லை. விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ 2017-ல் போட்ட விதிப்படி கேப்டனுக்கு நோட்டீஸ் காலமே ஒரு வருஷம். கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். அதற்கு முன்னதாகப் போக, ஆட்சேபமில்லை என்று கம்பெனி என்.ஓ.சி. கொடுக்க வேண்டும். ஆள் தேடும் வெளிநாட்டுக் கம்பெனி உங்களுக்காக ஒரு வருஷம் காத்திருக்குமா?

ராத்திரி டியூட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024 ஜனவரியில் வந்த புது விதிகள் நல்ல விதிகள்தான். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. ராத்திரி லேண்டிங் ஆறிலிருந்து இரண்டானது. ஏர்லைன்கள் இழுத்தடித்ததால், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. டிசம்பரில் இண்டிகோவுக்குப் பைலட் பற்றாக்குறை. ஐந்தாம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. உடனே டிஜிசிஏ அந்தக் கம்பெனிக்கு ராத்திரி விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. நெருக்கடி வந்தால் முதலில் கை வைப்பது பைலட்டின் தூக்கத்தில்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: டியூட்டி நேரம் ரிப்போர்ட்டிங்கிலிருந்துதான் தொடங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் வண்டி ஹாரன் அடிப்பதும், நீங்கள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்குவதும் எந்தக் கணக்கிலும் வராது.

ஆனால் அதே டிசம்பர், உங்கள் கையில் துருப்புச்சீட்டையும் கொடுத்திருக்கிறது. கம்பெனிகள் கேப்டன்கள் இல்லாமல் திண்டாடுகின்றன. இப்போது கேட்டால் கொடுப்பார்கள். சம்பளத்தில் இன்னும் கொஞ்சம் என்று கேட்காதீர்கள். பேஸ் கேளுங்கள், ஆஃபர் லெட்டரிலேயே, இத்தனை வருஷத்துக்கு மாற்றமில்லை என்ற வரியோடு. 'வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஹெச்.ஆர். சொல்வதை நம்பி டெல்லியிலும் பெங்களூரிலும் வாடகை வீட்டில் கிடப்பவர்களை எனக்குத் தெரியும். சாந்தாகுரூஸா, 2025 டிசம்பர் 25 முதல் ஓடும் நவி மும்பையா என்பதில் பிடிவாதம் வேண்டாம். வீட்டை மட்டும் செம்பூர் பக்கம் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் இருப்பீர்கள். அம்மா இருக்கும் மாதுங்காவும் கூப்பிடு தூரம்.

அம்மாவுக்காகத்தான் வருகிறேன் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியதை முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆஸ்திக சமாஜக் கோயிலுக்குப் போய்வர அவருக்குத் துணை அக்கம்பக்கத்தில் இருக்கிறது. கண் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது மகன் ஊரில் இருப்பானா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

எனவே, மும்பை என்று எழுத்தில் வந்தால் வாருங்கள், தள்ளிப்போடாமல். டெல்லி என்றால் தோஹாவிலேயே இருங்கள். கிடைக்கிற இரண்டு ஆஃப் நாளில், ஸ்டாஃப் டிக்கெட்டை வைத்துக்கொண்டு காலி ஸீட்டுக்காக டெல்லி கேட்டில் நிற்பதைவிட, பதினோரு வருஷ சீனியாரிட்டியில் எடுத்த லீவோடு தோஹாவிலிருந்து வருவது மேல். எந்தத் தேதியில் வருவீர்கள் என்றாவது அம்மாவிடம் சொல்ல முடியும்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து